சீரியல் எண்ணும் ஓர் அமானிதமே!

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

நம் சமுதாயத்தில் ஹலால், ஹராம் பற்றிய பேணுதலே இல்லை என்று நாம் கூற மாட்டோம். இறைச்சி வாங்கும்போது அறுத்தவர் யார் என்று விசாரிக்கிறோம். பிஸ்கட் பொட்டலத்தைத் திருப்பி அதில் என்னென்ன சேர்ந்துள்ளன என்று வாசிக்கிறோம். வங்கிக் கணக்கில் வட்டி சேர்ந்துவிட்டால் அதை என்ன செய்வது என்று ஆலிம்களைத் தேடிச் சென்று கேட்கிறோம். இவை ஈமானின் அடையாளங்கள், அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் இதே மனிதர்களின் மேசையிலுள்ள கணினியைத் திறந்தால் நிலைமை வேறாக இருக்கிறது. விண்டோஸ் விலை கொடுத்து வாங்கியதன்று. எம்.எஸ். ஆபீஸ் கிராக் செய்யப்பட்டது. போட்டோஷாப்பை யாரோ ஒருவர் பென்டிரைவில் கொண்டுவந்து ஏற்றிக் கொடுத்திருக்கிறார். அந்தப் போட்டோஷாப்பில்தான் ரமளான் பயான் நிகழ்ச்சியின் சுவரொட்டி தயாராகிறது. அதன் உச்சியில் அல்லாஹ்வின் திருப்பெயரும் பொறிக்கப்படுகிறது!

'இது களவு' என்று எடுத்துச் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள். 'ஹஜ்ரத், இதெல்லாம் உலகம் முழுக்க நடப்பதுதானே' என்கிறார்கள். உலகம் முழுக்க நடப்பது ஹலாலுக்கு ஆதாரமாகும் என்றால் வட்டியைத்தான் முதலில் ஹலாலாக்க வேண்டியிருக்கும். ஆகவே இவர்கள் கூறும் சமாதானங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பரிசீலிப்பதும், பிறருடைய சீரியல் எண்ணைக் காப்பது ஒரு முஸ்லிமின் மார்க்கக் கடமை என்பதை நிறுவுவதும் இக்கட்டுரையின் நோக்கம்.

சீரியல் எண் என்பது என்ன?

மென்பொருள் நிறுவனம் நமக்குப் பெரும்பாலும் மென்பொருளையே விற்பதில்லை. அதைப் பயன்படுத்தும் உரிமையை மட்டுமே விற்கிறது. எத்தனை கணினிகளில், எவ்வளவு காலம், வீட்டுக்கா அலுவலகத்துக்கா என்ற நிபந்தனைகள் அந்த உரிமத்தில் உள்ளன. விலை கொடுத்து அந்த நிபந்தனைகளை ஏற்றவர் இவர் என்பதற்கு அடையாளமாகத் தரப்படுவதே சீரியல் எண். வாடகை வீட்டின் சாவியைப் போன்றது அது. வீட்டுக்காரர் நம்மை நம்பிச் சாவியைத் தருகிறார். நாம் அதற்கு நகல் சாவிகள் அடித்துத் தெருவெங்கும் விநியோகித்தால் அதை யாரும் தர்மம் என்று சொல்ல மாட்டார்கள். துரோகம் என்றே சொல்வார்கள்.

தொடக்கத்தில் இந்தப் பூட்டு மிகவும் பலவீனமாக இருந்தது. 1995இல் வெளிவந்த விண்டோஸ் 95 ஒரு சிறிய கணக்கை மட்டுமே சரிபார்த்தது. கடைகளில் விற்கப்பட்ட குறுந்தகட்டின் எண்ணில், கடைசி ஏழு இலக்கங்களின் கூட்டுத்தொகை 7ஆல் வகுபட்டால் போதும், கணினி திறந்துகொள்ளும். பின்னர் 2001இல் விண்டோஸ் எக்ஸ்பி வந்தபோது, எண்ணை நிறுவனத்திடம் பதிந்து உறுதிசெய்யும் ஆக்டிவேஷன் முறை புகுத்தப்பட்டது. ஆனால் நூற்றுக்கணக்கான கணினிகள் வைத்திருக்கும் பெருநிறுவனங்களுக்கு அது தொல்லையாகும் என்பதால், ஆக்டிவேஷன் தேவைப்படாத தனி எண்கள் அவற்றுக்கு வழங்கப்பட்டன. அப்படிப்பட்ட ஓர் எண், 2001 அக்டோபர் 25ஆம் நாள் எக்ஸ்பி கடைக்கு வரும் முன்பே வெளியே கசிந்து உலகெங்கும் பரவிவிட்டது. 'எஃப்.சி.கே.ஜி.டபிள்யூ' என்று தொடங்கும் அந்த எண்ணை அக்காலத்தில் கணினி பழகியவர்கள் மனப்பாடமாகவே சொல்வார்கள். 2002இல் வெளிவந்த முதல் சர்வீஸ் பேக் அந்த எண்ணைக் கொண்ட கணினிகளில் ஏற மறுத்தது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தப் பூட்டை யாரும் உடைக்கவில்லை. நம்பி ஒப்படைக்கப்பட்ட சாவி வெளியே போயிற்று. மென்பொருள் களவின் வேர் பல நேரங்களில் அமானித மோசடியில்தான் இருக்கிறது. நம்பி ஒப்படைக்கப்பட்டதில் மோசடி செய்வது நயவஞ்சகனின் அடையாளங்களுள் ஒன்று என்ற நபிமொழியை நம் மதரஸாவின் சிறு பிள்ளைகளும் அறிவார்கள்.

இந்த மோசடி நம் ஊர்களிலும் நடக்கிறது. வளைகுடாவில் ஒரு நிறுவனத்தில் கணினிப் பிரிவில் பணிபுரியும் சகோதரர் விடுமுறையில் ஊர் வருகிறார். பேரீச்சம்பழம், அத்தர் ஆகியவற்றோடு அலுவலகத்தின் ஆபீஸ் சீரியல் எண்ணையும் கொண்டுவந்து உறவினருக்கும் நண்பருக்கும் பங்கிடுகிறார். 'தாராள மனசு' என்று ஊரார் புகழ்கிறார்கள். பிறருடைய பொருளில் காட்டப்படும் தாராளத்துக்கு மார்க்கத்தில் கியானத், அதாவது மோசடி என்று பெயர். அந்த எண் முடக்கப்பட்டால் தவிக்கப்போவது அவருக்குச் சம்பளம் கொடுக்கும் அந்த அலுவலகமே.

'அவர்களுடையது அவர்களிடமே இருக்கிறதே!'

'செருப்பைத் திருடினால் உரியவரிடம் செருப்பு இல்லாமல் போகிறது. மென்பொருளை நகலெடுத்தால் அசல் அவரிடமே இருக்கிறது. பிறகு எப்படி இது களவாகும்?' என்று கேட்கிறார்கள். இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் படித்த இளைஞர்கள்.

கைவெட்டும் தண்டனைக்குரிய திருட்டின் இலக்கணம் இதற்குப் பொருந்துமா என்பது வேறு விவாதம். அந்த இலக்கணத்துக்குள் வராத எல்லாம் ஹலால் என்று எந்த இமாமும் சொல்லவில்லை. ஒருவருடைய குதிரையை அனுமதியின்றி எடுத்து, ஒரு மாதம் சவாரி செய்து, குறையேதுமின்றிக் கொண்டுவந்து கட்டிவிட்டால் கணக்குத் தீர்ந்ததா? ஷாஃபிஈ மத்ஹபின்படி தீரவில்லை. அபகரித்த பொருளைத் திருப்பிக் கொடுப்பதோடு, அந்த ஒரு மாதத்துக்குரிய நியாயமான வாடகையையும் அவர் கொடுத்தாக வேண்டும். ஏனெனில் பொருளைப் போலவே அதன் பயனும் செல்வமே.

ஹனஃபி மத்ஹபில் பயனைத் தனிச் செல்வமாகக் கருதுவதில்லை என்பது உண்மை. இதைத்தான் சிலர் பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் அவர்கள் பாதியோடு நின்றுவிடுகிறார்கள். பிற்கால ஹனஃபி அறிஞர்கள் மூன்று வகைப் பொருள்களுக்கு இதிலிருந்து விலக்களித்தார்கள்: வக்ஃபுச் சொத்து, அநாதையின் சொத்து, வருவாய் ஈட்டுவதற்கென்றே ஆயத்தம் செய்யப்பட்ட சொத்து. இவற்றை அபகரித்துப் பயன்படுத்தினால் வாடகை கொடுக்க வேண்டும். ஹனஃபி அடிப்படையில் உஸ்மானியப் பேரரசு 19ஆம் நூற்றாண்டில் தொகுத்த மஜல்லா சட்டத்திலும் இது 596ஆம் விதியாக இடம்பெற்றுள்ளது. உரிமக் கட்டணம் ஈட்டுவதற்கென்றே உருவாக்கப்படும் மென்பொருள் இந்த மூன்றாம் வகையைச் சேராமல் வேறெதைச் சேரும்?

ஆகவே கடற்கரை ஊர்களின் ஷாஃபிஈகளுக்கும் சரி, உள்நாட்டு ஊர்களின் ஹனஃபிகளுக்கும் சரி, மத்ஹபுக்குள் ஒளிந்துகொள்ள இடமில்லை.

இதற்கு மேலும் ஆதாரம் கேட்போருக்கு ஒன்றைச் சொல்வோம். இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் கீழ் இயங்கும் சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி, 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய தனது ஐந்தாம் அமர்வில் 43ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. வணிகப் பெயர், வணிக முத்திரை, நூலாக்கம், கண்டுபிடிப்பு ஆகியவற்றின் உரிமைகள் பொருளாதார மதிப்புடையவை, ஷரீஅத்தின் பாதுகாப்புக்குரியவை, அவற்றில் அத்துமீறுவது கூடாது என்பது அதன் சாரம். இந்தோனேசிய உலமா சபையும் 2005இல் அறிவுசார் சொத்துரிமை குறித்து இதே கருத்தில் ஃபத்வா வழங்கியது. முற்கால நூல்களில் மென்பொருள் என்ற சொல் இல்லை என்பதால் இதற்குத் தீர்ப்பும் இல்லை என்று எண்ணுவது அறியாமை.

'அவர்கள் நம் எதிரிகளாயிற்றே!'

பலருடைய உள்ளத்தில் உண்மையில் இருப்பது இதுதான். 'அந்த நிறுவனங்கள் நம் சகோதரர்களை ஒடுக்குவோருக்குத் துணை நிற்கின்றன. அவர்களுடைய பொருளை எடுத்தால் என்ன பாவம்?'

ஹிஜ்ரத் இரவை நினைத்துப் பாருங்கள். நபி (ஸல்) அவர்களைக் கொலை செய்யக் குறைஷிகள் வாளோடு வாசலில் நின்றார்கள். அதே மக்காவாசிகளின் பொருள்கள் அமானிதமாக நபி (ஸல்) அவர்களிடம் இருந்தன. முஸ்லிம்களின் வீடுகளும் சொத்துகளும் பறிக்கப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. 'அவர்கள் எடுத்ததற்கு இது ஈடு' என்று வைத்துக்கொள்ள எல்லா நியாயமும் இருப்பதாக நம் மனம் சொல்லும். ஆனால் நபி (ஸல்) அவர்கள் அலீ (ரலி) அவர்களை மக்காவில் நிறுத்தி, ஒவ்வொருவருடைய பொருளையும் உரியவரிடம் ஒப்படைத்துவிட்டு வரப் பணித்தார்கள்.

முகீரா இப்னு ஷுஅபா (ரலி) அவர்களின் செய்தி புகாரியில், ஹுதைபிய்யா நிகழ்ச்சியின் இடையே வருகிறது. அவர்கள் இஸ்லாத்தை ஏற்கும் முன் தம் பயணத் தோழர்களைக் கொன்று அவர்களின் பொருளை எடுத்துக்கொண்டு வந்தார்கள். அந்தத் தோழர்கள் இணைவைப்பாளர்கள். எனினும் நபி (ஸல்) அவர்கள் முகீராவின் இஸ்லாத்தை ஏற்றுக்கொண்டார்கள். அந்தப் பொருளோடு தமக்கு எந்தத் தொடர்பும் இல்லை என்று விலகிக்கொண்டார்கள். வளர்ந்துவரும் மதீனாவுக்குப் பொருள் தேவைப்படாமலா இருந்தது?

ஒரு நிறுவனத்தின் மீது வெறுப்பிருந்தால் அதன் பொருளைப் புறக்கணியுங்கள். புறக்கணிப்பு என்றால் பயன்படுத்தாமல் இருப்பது. திருடிப் பயன்படுத்துவது அன்று. இன்னும் சொல்லப்போனால் திருட்டு நகல் அந்த நிறுவனத்துக்கே சேவகம் செய்கிறது. 1998இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பேசிய பில் கேட்ஸ், சீனாவில் எப்படியும் திருடத்தான் போகிறார்கள் என்றால் எங்களுடையதையே திருடட்டும், பழகிவிட்ட பின் எப்படி வசூலிப்பது என்று பார்த்துக்கொள்வோம் என்ற கருத்தை வெளிப்படையாகவே கூறினார். நாம் அவர்களைத் தண்டிப்பதாக எண்ணிக்கொண்டு நம் பிள்ளைகளின் விரல்களை அவர்களுடைய பொருளுக்குப் பழக்கிக்கொண்டிருக்கிறோம்.

மேலும், அந்நிய நிறுவனத்திடம் பழகிய கை அதோடு நிற்பதில்லை. திருச்சியிலோ நாகர்கோவிலிலோ இரண்டு மூன்று இளைஞர்கள் சேர்ந்து, கடைகளுக்கான ஒரு பில்லிங் மென்பொருளை ஓராண்டு உழைத்து உருவாக்குகிறார்கள் என்று வையுங்கள். ஒரு கடைக்காரர் வாங்குகிறார். அவருடைய சீரியல் எண் மைத்துனர் கடைக்கும், அங்கிருந்து கடைத்தெரு முழுக்கவும் போகிறது. பெருநிறுவனத்துக்கு வழக்கறிஞர்கள் உண்டு. இந்த இளைஞனுக்கு யார் உண்டு? அவன் ஜும்ஆவில் நம்மோடு தோள் சேர்த்து நிற்பவனாகவும் இருக்கலாம். தொழுகை முடிந்து அவனுக்கு ஸலாம் சொல்லிவிட்டு, கடைக்குப் போய் அவனுடைய உழைப்பை இலவசமாக ஓடவிடுகிறோம். மறுமையில் அவன் நம் நன்மைகளிலிருந்து எடுத்துக்கொள்ள வந்து நிற்கும்போது என்ன பதில் வைத்திருக்கிறோம்?

'எங்களுக்கு வசதியில்லை, நிர்ப்பந்தம்!'

நிர்ப்பந்தம் விலக்கப்பட்டதை ஆகுமாக்கும் என்பது ஃபிக்ஹின் விதி. உயிர் போகும் பசியில் செத்ததை உண்ண அனுமதித்த விதி அது. விருந்து முடிந்து பழரசம் குடிப்பதற்கு அதை மேற்கோள் காட்டக் கூடாது. நிர்ப்பந்தம் என்று சொல்வதற்கு, ஹலாலான வேறு வழி இல்லாமலிருக்க வேண்டும். இங்கே வழி திறந்தே கிடக்கிறது.

விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகள் உள்ளன. எம்.எஸ். ஆபீஸுக்குப் பதிலாக லிப்ரே ஆபீஸ் 2010 முதல் இருக்கிறது. சுவரொட்டிக்கு கிம்ப், இங்க்ஸ்கேப். மலர் வடிவமைப்புக்கு ஸ்கிரைபஸ். இவை கட்டற்ற மென்பொருள்கள். நகலெடுக்கவும் பிறருக்குக் கொடுக்கவும் உருவாக்கியவர்களே மனமுவந்து உரிமை அளித்திருக்கிறார்கள். எங்கோ இருக்கும் அந்தக் கொடையாளிகளின் நன்கொடையை ஒதுக்கிவிட்டு, கொடுக்க மறுத்தவரின் பொருளைத்தான் எடுப்பேன் என்று அடம் பிடிப்பதை நிர்ப்பந்தம் என்று அழைக்க முடியாது. நம் அண்டை மாநிலமான கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளிலேயே கணினி பயில்கிறார்கள். நம் மதரஸாக்களால் ஏன் முடியாது?

'மார்க்கப் பணிக்காகத்தானே பயன்படுத்துகிறோம்' என்ற சமாதானமும் இதே வகைதான். போர்ச்செல்வத்தில் மோசடி செய்த பொருளிலிருந்து தரும் தர்மம் ஏற்கப்படாது என்று ஹதீஸில் வந்துள்ளது. கைபர் போருக்குப் பின் அம்பு தைத்து இறந்த மித்அம் என்ற பணியாளரை மக்கள் ஷஹீத் என்று வாழ்த்தினார்கள். பங்கிடும் முன் அவர் எடுத்துக்கொண்ட ஒரு போர்வை அவர் மீது நெருப்பாக எரிகிறது என்று நபி (ஸல்) அவர்கள் திருத்தினார்கள். ஒரு போர்வை! நம் கணினியில் எத்தனை போர்வைகள் இருக்கின்றன?

இவ்வுலகத்து இழப்பையும் எண்ணிப் பாருங்கள். கிராக், கீஜென் போன்றவற்றை இயக்கும் முன் 'ஆன்டிவைரஸை நிறுத்து' என்று அறிவுறுத்துவார்கள். வீட்டுக்குள் வருகிறவன் முதலில் காவலாளியை அனுப்பிவிடச் சொன்னால் நமக்குச் சந்தேகம் வர வேண்டாமா? 'ஸ்டாப்' என்றும் 'டிஜேவு' என்றும் அறியப்படும் பணயத் தீநிரல், கிராக் கோப்புகளின் வழியாகவே பெருமளவில் பரவியது. கோப்புகள் அனைத்தையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் இயல்புடையது அது. ஜமாஅத்தின் சந்தாக் கணக்கும் நிக்காஹ் பதிவுகளும் இருக்கும் கணினியில் இதை ஏற்றுபவர், மக்களின் அமானிதத்தையும் சேர்த்தே சூதாடுகிறார்.

சீரியல் எண்ணைக் காப்பது எப்படி?

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் வசனமே அல்குர்ஆனில் மிக நீளமானது. எழுதி வைப்பது அவநம்பிக்கை அன்று, ஒழுங்கு. அவ்வாறே ஒவ்வொரு மஹல்லா அலுவலகத்திலும் மதரஸாவிலும் ஒரு பதிவேடு தொடங்க வேண்டும். எந்த மென்பொருள், எந்த நாளில் வாங்கியது, ரசீது எங்கே, சீரியல் எண் என்ன, எந்தக் கணினியில் உள்ளது, எப்போது முடிகிறது என்று அதில் இருக்கட்டும். பதிவேடு இருவர் பொறுப்பில் பூட்டி இருக்கட்டும். சுவரில் ஒட்டப்பட்ட காகிதத்திலோ, வாட்ஸ்அப் குழுவிலோ சீரியல் எண் இருக்கக் கூடாது.

பழைய மடிக்கணினிகளின் அடியில் சீரியல் எண் ஒட்டுத்தாளாக இருக்கும். விற்பனைக்காகப் படம் எடுத்து அனுப்பும்போதும், சர்வீஸ் கடையில் கொடுக்கும்போதும் அதை மறைத்துவிடுங்கள். விண்டோஸ் 8 காலத்திலிருந்து பல கணினிகளில் அந்த எண் உள்ளே, தாய்ப்பலகையிலேயே பதிந்து வருகிறது. அப்படியானால் கணினியோடு விலை கொடுத்து வாங்கிய உரிமம் உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. அதன் மேல் களவு நகலை ஏற்ற விடாதீர்கள்.

இணையத்தில் சில நூறு ரூபாய்க்கு 'அசல் சீரியல் எண்' விற்போரிடம் எச்சரிக்கை தேவை. அவற்றில் பல, நிறுவனங்களுக்கோ கல்விக்கூடங்களுக்கோ தரப்பட்டு முறைகேடாக வெளியேறியவை. நள்ளிரவில் புது சைக்கிளை நூறு ரூபாய்க்கு ஒருவன் விற்றால் அது எங்கிருந்து வந்தது என்று நமக்குத் தெரியாதா?

சர்வீஸ் கடை நடத்தும் சகோதரர்களுக்கும் ஒரு சொல். கணினியைத் துடைத்துப் பழுது நீக்கி வாங்கும் கூலி ஹலால். களவு நகலை ஏற்றுவதற்கு வாங்கும் கூலி, தடுக்கப்பட்ட செயலுக்கான கூலி. இரண்டும் ஒரே கல்லாப்பெட்டியில் விழுகின்றன. இரண்டும் கலந்தே பிள்ளைகளின் தட்டில் சோறாகின்றன.

மென்பொருள் உருவாக்கும் இளைஞர்களே! உங்கள் பொருளைக் காப்பது உங்கள் உரிமை. எளிய கணக்கால் சரிபார்க்கும் எண்ணை யாரும் ஊகித்துவிடுவார்கள். இரகசியச் சாவியை உங்களிடமே வைத்துக்கொண்டு மின்னணுக் கையொப்பமிட்ட உரிமங்களை வழங்குங்கள். கசிந்த எண்ணைத் திரும்பப் பெறும் வசதியை வையுங்கள். ஆனால் உரிமம் முடிந்த வாடிக்கையாளரின் கணக்குகளைப் பூட்டிப் பணயம் வைக்காதீர்கள். அளவை நிறுவையில் மோசடி செய்வோரைக் கண்டித்து இறங்கிய முதஃப்ஃபிஃபீன் அத்தியாயம் விற்பவருக்கும் உரியதே.

நாட்டின் சட்டமும் இதையே சொல்கிறது. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994இல் செய்யப்பட்ட திருத்தம் 63பி பிரிவைச் சேர்த்தது. களவு நகல் என்று அறிந்தே கணினியில் பயன்படுத்துவோருக்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் அது விதித்தது. வணிக ஆதாயமின்றிப் பயன்படுத்தியவருக்கு நீதிமன்றம் சலுகை காட்ட அதில் இடமுண்டு. முறையாக வாங்கியவர் பாதுகாப்புக்காக ஒரு நகல் எடுத்து வைப்பதையும் சட்டம் அனுமதிக்கிறது. இலங்கையிலும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டம் கணினி நிரல்களைக் காக்கிறது. ஆனால் காவலர் வரமாட்டார் என்ற துணிச்சலில் வாழ்பவருக்குச் சட்டத்தைக் காட்டிப் பயனில்லை. நம் பிடரி நரம்பை விட நெருக்கமாக இருப்பவனைத்தான் நினைவூட்ட முடியும்.

இனி என்ன செய்வது?

தவ்பாவின் வாசல் திறந்திருக்கிறது. ஆனால் மனிதர்களின் உரிமை சம்பந்தப்பட்ட பாவத்தில் வருந்துவது மட்டும் போதாது. உரிமை திரும்ப வேண்டும். களவு நகலை நீக்குங்கள். தேவையானதை விலை கொடுத்து வாங்குங்கள், அல்லது கட்டற்ற மென்பொருளுக்கு மாறுங்கள். உள்ளூர் இளைஞனின் மென்பொருளை இலவசமாக ஓட்டியவர் அவனை நேரில் சந்தித்து, உரிய தொகையைக் கொடுத்து ஹலால் கேளுங்கள். அலுவலக சீரியல் எண்ணை வெளியே கொடுத்தவர் பெற்றவர்களிடம் சொல்லி நீக்கச் செய்யுங்கள்.

ஜமாஅத் நிர்வாகிகள் இந்த ஷஃபான் மாதத்திலேயே தம் அலுவலகக் கணினியைத் திறந்து பார்க்கட்டும். பள்ளிவாசலின் பாய்க்கும் மின்விசிறிக்கும் ரசீது கேட்கும் நாம், அதன் கணினிக்குள் இருப்பதற்கும் ரசீது கேட்போம். ரமளான் அறிவிப்பு இவ்வாண்டு ஹலாலான கருவியில் தயாராகட்டும். அழகு சற்றுக் குறைந்தாலும் பரக்கத் குறையாது.

அல்லாஹ் நம் சம்பாத்தியத்தையும் நம் கருவிகளையும் தூய்மையாக்குவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.